காலை எட்டு மணிப் படபடப்பு



இதழ் முடிக்கும் நாளில் எங்கள் வடிவமைப்பாளர் அம்மா சொன்னார்: "காலையில யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா உடம்பே ஆடிப்போகுது சார். அதையே சாயங்காலம் சொன்னா காதுல வாங்காமப் போயிடறேன்." உடனே குறித்து வைத்துக்கொண்டேன். நம் உடம்பின் கடிகாரம்தான் நினைவுக்கு வந்தது.

மூளையின் அடியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து நமக்கொரு கடிகாரமாக இயங்குகின்றன. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, இந்தக் கடிகாரத்தைப் பார்த்து, மன அழுத்தத்தின்போதும் கூடும் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. விடியுமுன்பே ஏறத் தொடங்கும்; விழித்த அரை மணியில் உச்சம்; நள்ளிரவையொட்டி அடிமட்டம். 2018இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் யமனாகா குழுவினர் 27 இளைஞர்களை முன்பின் தெரியாதவர்கள் எதிரே பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். விழித்து 2 மணி நேரத்தில் சோதிக்கப்பட்டவர்களுக்குக் கார்டிசால் நன்றாகவே எகிறியது. 10 மணி நேரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லும்படி ஏறவில்லை. ஹார்மோன் அளவும் மன வேதனையும் ஒன்றல்ல என்றாலும், அந்த அம்மா சொன்னது எனக்கு நினைவு வந்தது.

முன்பின் தெரியாதவர்கள் எதிரே பேசவைக்கும் இந்தச் சோதனை முறை 1993இல் ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் ஆண்களின் உமிழ்நீரில்தான் கார்டிசால் கூடுதலாக ஏறியது. பெண்கள் கலங்கவில்லை என்று இதை வாசித்துவிடக் கூடாது. 1999இல் அதை உருவாக்கியவர்களில் சிலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெண்களை மாதவிடாய்ச் சுழற்சிப்படி பிரித்துப் பார்த்தார்கள். கருமுட்டை வெளிவந்த பிறகான நாட்களில் இருந்தவர்களுக்கு ஆண்களுக்கு நிகராக ஏறியது. சுழற்சியின் முன்பாதியில் இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறைவு. 'பெண்ணின் அளவு' என்று ஒற்றை எண்ணை எழுதி வைப்பது எவ்வளவு அநியாயம், பாருங்கள்!

நாளுக்கு ஒரு தாளம், மாதத்துக்கு ஒரு தாளம். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகலும் இரவும் தெரியாத தனியறையில் ஒரு பெண்ணைத் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். அவருடைய தூக்கச் சுழற்சியும் மாதவிடாய்ச் சுழற்சியும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கவில்லை என்று 1991இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒரே உடம்புக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு தாளங்கள்! படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கார்டிசால் ரத்தப் பரிசோதனைக்குக் காலை 8 மணிவாக்கில் வரச் சொன்னால் அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைப் பெருக்கி, ரத்தத்தில் மொத்த அளவைக் கூட்டிக் காட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்