ஓடினால் போதுமா?

கோயிலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நுழைந்தவனைப் பார்ப்பது போல அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் செய்த குற்றம் இதுதான்: 1972-ம் வருஷத்து அம்பாசிடர் காரிலிருந்து, அதோடு பிறந்த எஞ்சினை இறக்கிவிட்டு, அதைவிடப் புதிய எஞ்சின் ஒன்றை ஏற்றியிருக்கிறேன். பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில் பானெட்டைத் தூக்கியபோது அவருக்கு இந்த ரகசியம் தெரிந்துபோயிற்று. "சார், இது அம்பாசிடரே இல்லை. அம்பாசிடர் வேஷம் போட்ட வேறு எதுவோ" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

அன்று சொல்ல நினைத்ததை இன்று எழுதுகிறேன். கதை எழுதுகிறவனுக்குக் கார் எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தக் காரை வாங்கியவர் என் அப்பா. ஓட்டுகிறவன் நான். அந்தப் புது எஞ்சினை நம்பி என் மனைவியையும் பேத்தியையும் மலையிலிருந்து உருட்டிவிட இருந்தவனும் நான்தான். பேசுவதற்கு இந்த யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் புனிதவாதிகளின் கட்சியை எடுத்துக்கொள்வோம். எந்த அம்பாசிடரின் பரிசுத்தத்தை இவர்கள் காப்பாற்றுகிறார்கள்? இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் பிறந்த வண்டி அது. 1950களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாசிடர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆரம்பத்தில் அதில் இருந்தது பழைய பக்கவாட்டு வால்வு எஞ்சின். அதைத் தூக்கிவிட்டு, தலைமேல் வால்வு வைத்த 1489 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். பிற்பாடு டீசல் எஞ்சின் வந்தது. 1990களின் ஆரம்பத்தில் ஜப்பானிய இசுஸு கம்பெனியின் 1817 சி.சி. எஞ்சினை, 75 குதிரைசக்தியோடு, அதே பழைய உடம்புக்குள் இறக்கினார்கள். 2014-ம் வருஷம் தயாரிப்பு நிற்கும்வரை இந்தக் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை நடந்துகொண்டேயிருந்தது. கம்பெனி செய்தால் அது புது மாடல், நான் செய்தால் அபசாரமா? இது எந்த ஊர் நியாயம்?

அம்பாசிடர் மட்டுமா? 1985-ல் பம்பாயிலிருந்து பிரீமியர் 118 என்.இ. என்று ஒரு கார் வந்தது. உடம்பு, 1960களின் இத்தாலிய ஃபியட் 124. எஞ்சின், ஜப்பானிய நிஸ்ஸான். பெயரில் இருந்த 'என்.இ.' என்ற இரண்டு எழுத்துக்கும் அர்த்தமே நிஸ்ஸான் எஞ்சின் என்பதுதான். இதை ஒளிக்க வேண்டிய அவமானமாக அந்தக் கம்பெனி நினைக்கவில்லை. காரின் முதுகிலேயே எழுதி விற்றது.

இதற்கு நேர் எதிரான காரியம் நம்முடைய சென்னையில் நடந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை நினைவிருக்கிறதா? அதுவும் 1985-தான். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனி 1976-ல் வெளியிட்ட அழகான காரின் உடம்பை வாங்கிவந்தார்கள். அந்த உடம்புக்கென்று இங்கிலாந்தில் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இங்கே அதில் வைத்ததோ, 1940களின் வான்கார்டு காரின் வம்சத்தில் வந்த 1991 சி.சி. எஞ்சின். ராஜகுமாரனுக்குக் கொள்ளுத்தாத்தாவின் இதயத்தைப் பொருத்தினார்கள். வண்டி நகர மறுத்தது. பெட்ரோலை மட்டும் தாராளமாகக் குடித்தது. சில வருஷங்களில் அந்தக் காரும் போயிற்று, தொழிற்சாலையும் மூடியது. ஆகவே எஞ்சினுக்கும் உடம்புக்கும் பிறப்பிலேயே தெய்வ சம்பந்தம் உண்டு என்ற பேச்சு வேண்டாம். பொருந்துகிறதா, பொருந்தவில்லையா என்பதுதான் கேள்வி.

இவர்கள் கட்சியிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். உலகத்தில் பத்தோ இருபதோ மிஞ்சியிருக்கிற காரில் கைவைப்பது பாவம்தான். நம் அரசாங்கம் 2021-ல் கொண்டுவந்த விதியும், ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டதாய், மூல வடிவம் கெடாமல் இருக்கிற வண்டியைத்தான் 'விண்டேஜ்' என்று ஒப்புக்கொள்கிறது. என் காருக்கு அந்தப் பட்டம் கிடைக்காது. போகட்டும். தெருவுக்குத் தெரு நின்ற கார் அது. மியூசியத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் அப்பா ஓட்டிய எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்குப் போடவில்லை. கிரீஸ் பூசி, மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் விரும்பினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இவர்கள் மீதுதான்; ஏனென்றால் நானும் இந்தக் கட்சியில் இருந்தவன். 'புது எஞ்சினை ஏற்று, வண்டி பறக்கும்' என்பதுதான் இவர்களுடைய மந்திரம்.

2004-ல், உடைத்துப்போட்ட ஒரு காண்டெஸா காரின் இசுஸு எஞ்சினைப் புதுப்பேட்டையில் வாங்கி, ஒரு பட்டறையில் ஏற்றினேன். எஞ்சினோடு அதன் ஐந்து கியர் பெட்டியும் வந்தது. மவுண்டிங்கை வெட்டி ஒட்டினார்கள், ஷாஃப்டின் நீளத்தைச் சரி செய்தார்கள், பெரிய ரேடியேட்டர் வைத்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். நாற்பதில் மூச்சு வாங்கிய வண்டி எண்பதில் பாட்டுப் பாடிற்று. நான் பூரித்துப்போனேன்.

அந்தக் கோடையில் ஏற்காட்டுக்குப் போனோம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழைய எஞ்சின் அவற்றை இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும். புது எஞ்சின் மூன்றாவது கியரில் அலட்சியமாக ஏறிவிட்டது. "எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு" என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பாடத்தை மறக்கவில்லை. மூன்றாவது கியரிலேயே இறங்கினேன்.

வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அப்பாவின் பாடம் பலவீனமான எஞ்சினுக்கு ஏற்பட்டது. பலவீனமான எஞ்சின் சின்னக் கியரில்தான் ஏறும். அதனால் சின்னக் கியரில் இறங்குவோம். இறங்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பலமான எஞ்சின் பெரிய கியரில் ஏற்றிவிடுகிறது. அதே கியரில் இறங்கினால் எஞ்சினின் பிடி குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. என் வண்டியில் இருந்ததோ 1972-ம் வருஷத்து டிரம் பிரேக். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங் வழுக்கும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

அமுங்கிற்று. எட்டு வளைவு தாண்டுவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. "ஏங்க, கருகுற வாசனை வருதுங்க" என்றாள் மனைவி. பேத்தி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன், கியரை இரண்டுக்குத் தள்ளினேன், மலைப்பக்கத்துச் சாக்கடையில் வண்டியை உரசவிட்டேன். வளைவின் முனையில் விறகுக் கட்டோடு வந்த ஒரு கிழவி, கட்டை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கினாள். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "கொளந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, சாமி?" என்று கேட்டாள். இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

திரும்பிவந்ததும் பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க எஞ்சினைத்தானே மாத்தச் சொன்னீங்க, சார்? பிரேக்கைப் பத்திப் பேசவே இல்லையே!" உண்மை. எத்தனை குதிரைசக்தி என்று கேட்டேன், எத்தனை வேகம் போகும் என்று கேட்டேன். எப்படி நிற்கும் என்று கேட்கவில்லை. சொல்லாமல் விட்ட குற்றம் அவருடையது; கேட்காமல் விட்ட குற்றம் என்னுடையது.

பாட்டன் கட்டிய வீட்டில் மின்சார விளக்குப் போட்டோம். அதனால் அது பாட்டன் வீடு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் அதே பழைய ஒயரில் ஏ.சி. மெஷினை மாட்டினால் வீடு எரியும். கார் சமாசாரமும் இதேதான். வேகம் அறுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போனால், அது ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கிறோம். நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்கு. எஞ்சினை மாற்றுகிறவன் பிரேக்கை மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கையும் ஸ்டீயரிங்கையும் டயரையும் பரிசோதிக்க வேண்டும். கையில் அதற்குப் பணமில்லையென்றால் எஞ்சினையும் மாற்றக் கூடாது. பழைய எஞ்சினோடு நாற்பதில் போகிறவன் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

காகித விஷயமும் உண்டு. புது எஞ்சினில் பழைய எண்ணை வெட்டிவிட்டு ஓட்டுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. முன் அனுமதி வாங்க அலைவது தொல்லைதான், நானும் அலைந்தேன். ஆனால் மோசடி எண்ணோடு ஒருவன் மேல் மோதிவிட்டு, இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிக்கும்போது, அடிபட்டவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

பிற்பாடு வந்த அம்பாசிடர்களின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கை பூஸ்டரோடு என் வண்டிக்கும் பொருத்தினேன். ஏற்காட்டுக்கு மறுபடியும் போனேன். இறங்கும்போது இரண்டாவது கியர்.

கண்காட்சிக்கு வந்த அந்த மனிதரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். பானெட்டுக்குள் அவ்வளவு நேரம் பார்த்தவர், குனிந்து சக்கரத்துக்குள் ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம். என் பட்டறைக்காரர் பார்க்கவில்லை. அன்று நானும் பார்க்கவில்லை. இந்தக் கட்சிக்காரர்களும் அந்தக் கட்சிக்காரர்களும் எஞ்சினைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வளைவில் விறகோடு வருகிற கிழவிக்கு உங்கள் எஞ்சின் எந்த வருஷத்தது என்பதைப் பற்றி அக்கறையில்லை. வண்டி நிற்குமா என்று மட்டும்தான் அவள் பார்ப்பாள். நாமும் முதலில் அதைப் பார்ப்போம்.