எட்டாம் இடத்துக்கு எதற்கு வெம்ப்ளி?

இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில், பிளே-ஆஃப் ஆடும் அணிகளை நான்கிலிருந்து ஆறாகக் கூட்டும் திட்டம் கிளப் நிர்வாகங்களுக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பது புரிகிறது. ஏழாவது, எட்டாவது இடங்களில் இருக்கும் அணிகளும் மே மாதத்தில் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடலாம். தொலைக்காட்சிக்கும் கூடுதல் ஆட்டங்கள் கிடைக்கும். அதிர்ஷ்டம் கைகொடுத்தால் பிரீமியர் லீக்குக்கே போய்விடலாம். ஆனால், இதை ரசிகர்களுக்குச் செய்யும் நன்மையாக எப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் புரியவில்லை. ஆகஸ்ட்டில் தொடங்கி, டிசம்பர் குளிரில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று ஓடி, 46 ஆட்டங்கள் முடிந்த பிறகு கிடைப்பது புள்ளிப் பட்டியல். அதில் முதல் இரண்டு அணிகள் நேரடியாக மேலே போகின்றன. மூன்றாம் இடம் தொடங்கி ஆறாம் இடம் வரை உள்ளவை பிளே-ஆஃபுக்குப் போகின்றன. ஒன்பது மாத உழைப்பை மூன்று வாரத்துக்குள் மறுபரிசீலனை செய்யும் இந்த ஏற்பாடே தாராளமானது. இதை இன்னும் இரண்டு படி கீழே இறக்குவதால் ரசிகருக்குக் கிடைக்கப்போவது நம்பிக்கையின் சாயலில் ஒரு டிக்கெட் மட்டுமே.

கணக்கைப் பார்ப்போம். 2011 முதல் 2025 வரை 15 சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப்கள் நடந்திருக்கின்றன. மூன்றாம் இடத்தில் முடித்து மேலே போனவை ஆறு: ஸ்வான்சீ (2011), வெஸ்ட் ஹாம் (2012), நார்விச் (2015), ஃபுல்ஹாம் (2018), பிரென்ட்ஃபோர்டு (2021), லூட்டன் (2023). நான்காம் இடத்திலிருந்து போனவையும் ஆறுதான்: குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (2014), ஹல் சிட்டி (2016), மீண்டும் ஃபுல்ஹாம் (2020), நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் (2022), சவுதாம்ப்டன் (2024), சண்டர்லாந்து (2025). ஐந்தாம் இடத்திலிருந்து மூன்று: கிரிஸ்டல் பேலஸ் (2013), ஹடர்ஸ்ஃபீல்டு (2017), ஆஸ்டன் வில்லா (2019). ஆறாம் இடத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. கடைசியாக ஆறாம் இடத்திலிருந்து ஏறியது 2010இல் பிளாக்பூல். பதினைந்து ஆண்டுகளாக ஆறாம் இடத்துக்கே எட்டாத கதவை எட்டாம் இடத்துக்குத் திறந்துவைப்பதாகச் சொல்கிறார்கள். அந்த ஊர் ரசிகர் வேலைக்கு விடுப்பு எடுத்து, ரயிலுக்குப் பணம் கட்டி, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவார். அவருக்குக் கிடைக்கும் உண்மையான வாய்ப்பு எவ்வளவு என்பதை இந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் யாருக்கும் நஷ்டமில்லையே, எட்டாவது அணி வந்து ஆடிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் மேலே சொன்ன அதே கணக்கின் முதல் வரியில் இருக்கிறது. இருபத்து நான்கு அணிகளில் மூன்றாவதாக வந்த அணி, 15 முறையில் ஆறு முறைதான் மேலே போயிருக்கிறது. ஒன்பது முறை அதைவிடக் குறைந்த இடத்தில் முடித்த அணி ஒன்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஷெஃபீல்டு யுனைடெட் 90 புள்ளிகள். இது இரண்டு புள்ளி தண்டனைக்குப் பிறகான கணக்கு. நான்காவது சண்டர்லாந்து 76. ஆறாவது பிரிஸ்டல் சிட்டி 68. அரையிறுதியின் இரு ஆட்டங்களிலும் சேர்த்து பிரிஸ்டலை ஷெஃபீல்டு 6-0 என்று வென்றது. இந்த இரு அணிகளுக்கும் நடுவே இருந்த 22 புள்ளி இடைவெளி எதைக் குறிக்கிறது என்பதற்கு அதுவே போதுமான சான்று. பிறகு வெம்ப்ளி இறுதியாட்டத்தில் முன்னிலை பெற்று, சமனுக்கு இறங்கி, நிறுத்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலில் ஷெஃபீல்டு 2-1 என்று தோற்றது. ஷெஃபீல்டு ரசிகர்களுக்கு அது பத்தாவது பிளே-ஆஃப், பத்திலும் ஏமாற்றம். புதிய திட்டம் அந்த ஆண்டு அமலில் இருந்திருந்தால் 66 புள்ளிகளோடு ஏழாவது, எட்டாவது இடங்களில் முடித்த பிளாக்பர்னும் மில்வாலும்கூட அதே இடத்துக்குப் போட்டியிட்டிருக்கும். 90க்கும் 66க்கும் நடுவே எட்டு வெற்றிகள் இருக்கின்றன. எட்டு வெற்றி பின்தங்கிய அணிக்கு மே மாதத்தில் சம வாய்ப்பு தருவதற்கு விளையாட்டு நியாயம் எதுவும் இல்லை.

ஆறு அணி வடிவம் என்ன செய்யும் என்று ஊகிக்கத் தேவையில்லை. ஐந்தாம் நிலைப் போட்டியான தேசிய லீகில் 2017-18 முதல் அது நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது அணிகள் நேராக அரையிறுதிக்குப் போகும். நான்கு முதல் ஏழு வரையிலான அணிகள் ஒற்றை ஆட்டத்தில் மோதி அங்கே வரும். 2022-23இல் நாட்ஸ் கவுன்ட்டி 107 புள்ளிகள் எடுத்தது. ரெக்ஸம் 111 எடுத்ததால் கவுன்ட்டிக்கு இரண்டாம் இடம். 107 புள்ளிகள் எடுத்த அந்த அணி, ஆறாவதாக வந்த போரம் வுட்டிடம் அரையிறுதியில் 0-2 என்று பின்தங்கி, 120ஆவது நிமிடத்தில்தான் தப்பியது. இறுதியில் பெனால்டி வரை போய்த்தான் மேலே ஏறியது. யார்க் சிட்டிக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. 2024-25இல் 96 புள்ளிகளோடு இரண்டாவது இடத்தில் முடித்த யார்க், 73 புள்ளிகளோடு ஐந்தாவதாக வந்த ஓல்டமிடம் சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்று வெளியேறியது. வெம்ப்ளி இறுதியில் ஓல்டமை எதிர்த்து நின்றது ஏழாவதாக வந்த சவுத்எண்ட், 68 புள்ளிகள். ஒரு சீசனின் முடிவில் மேலே போகத் தகுதியானவர் யார் என்ற கேள்வியை ஐந்தாவது அணியும் ஏழாவது அணியும் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டன. 96 புள்ளிகள் எடுத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஓல்டம் ரசிகர்களின் மகிழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை. பிரீமியர் லீகில் ஆடிய ஓர் அணி லீகை விட்டே வெளியே விழுந்து மூன்றாண்டுகள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். ஆனால், பாடுபட்டவர் ஒருவர், பலன் பெற்றவர் இன்னொருவர் என்ற முடிவைத் திரும்பத் திரும்பத் தரும் ஒரு வடிவத்தை, 20 கோடி பவுண்டு பணயத்தில் இருக்கும் பிரிவுக்குக் கொண்டுபோக நினைப்பது பொறுப்பற்ற செயல்.

திட்டத்தை ஆதரிப்பவர்களின் பிரதான வாதம், சீசனின் கடைசிக் கட்டத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது இடங்களில் இருக்கும் அணிகளின் ஆட்டங்களுக்கும் உயிர் வரும் என்பது. இதற்கு அவர்கள் எடுத்துக்காட்டக்கூடிய சிறந்த ஆட்டமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 2023 மே 8, சீசனின் இறுதி நாள். மில்வால் தன் மைதானத்தில் பிளாக்பர்னுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தது. வென்றால் பிளே-ஆஃப் இடம் உறுதி. பிளாக்பர்ன் திரும்பி வந்து 4-3 என்று வென்றது. அதே நேரத்தில் பிரெஸ்டனில் சண்டர்லாந்து 3-0 என்று வென்றதால், பிளாக்பர்னும் சண்டர்லாந்தும் 69 புள்ளிகளில் சமமாகி, கோல் வித்தியாசத்தில் சண்டர்லாந்து ஆறாம் இடம் பிடித்தது. வென்ற பிளாக்பர்னுக்கும் இடமில்லை, 68இல் நின்ற மில்வாலுக்கும் இடமில்லை. அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எடை இருந்ததற்குக் காரணம் ஆறாம் இடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பதுதான். ஆறு அணி விதி இருந்திருந்தால், இரண்டு கோல் முன்னிலையைத் தொலைத்துத் தோற்ற மில்வாலும் எட்டாவதாக உள்ளே போயிருக்கும். எல்லை இருக்குமிடத்தில்தான் பரபரப்பு இருக்கும். எல்லையை நகர்த்தினால் பரபரப்பும் நகரும், கூடாது. எட்டாம் இடத்துக்கான இழுபறி வரும், ஆறாம் இடத்துக்கான இழுபறி போகும். இவ்வளவு எளிய கணக்கைக்கூடப் பார்க்காமல் சீர்திருத்தம் பேசுகிறவர்களோடு அதிக நேரம் விவாதிக்க வேண்டியதில்லை.

விவாதிக்க வேண்டியது பணத்தைப் பற்றி. 2025 இறுதியாட்டத்தின் மதிப்பைக் குறைந்தது 20 கோடி பவுண்டு என்று டெலாய்ட் நிறுவனம் கணக்கிட்டது. 2020ஐ ஒட்டிய சீசன்களில் சாம்பியன்ஷிப் கிளப்புகள் தங்கள் மொத்த வருவாயைவிட அதிகத் தொகையைச் சம்பளத்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிளே-ஆஃப் என்பது உரிமையாளர்களுக்கு என்ன என்பது தெரியும்: இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு முன்கள வீரர், இந்த முறை கிடைத்துவிடும். டெர்பி கவுன்ட்டி 2014இல் இறுதியாட்டத்தின் 90ஆவது நிமிடத்தில் பாபி ஸமோரா அடித்த கோலில் தோற்றது. 2016, 2018 அரையிறுதிகளில் தோற்றது. 2019இல் மறுபடியும் இறுதியில் தோற்றது. ஆறு ஆண்டுகளில் நான்கு பிளே-ஆஃப். இதற்கிடையே சொந்த மைதானத்தை உரிமையாளருக்கே விற்றார்கள். 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. மொத்தம் 21 புள்ளிகள் வெட்டப்பட்டு 2022இல் மூன்றாம் நிலைக்கு விழுந்தது. ஷெஃபீல்டு வென்ஸ்டே 2016 இறுதியிலும் 2017 அரையிறுதியிலும் தோற்றது. அவர்களும் மைதானத்தை விற்றார்கள், புள்ளி வெட்டுக்கு ஆளானார்கள், 2021இல் விழுந்தார்கள், 2025 அக்டோபரில் திவால் நிர்வாகத்துக்குப் போனார்கள். 2017 இறுதியில் பெனால்டியில் தோற்ற ரெடிங், அடுத்தடுத்த புள்ளி வெட்டுகளோடு 2023இல் கீழே இறங்கியது. மூன்று ஊர்களிலும் கடனை வாங்கியது ரசிகர்கள் அல்லர். சம்பளம் தாமதமான மாதங்களில் வாளி ஏந்தி நிதி திரட்டும் நிலைக்கும் தங்கள் கிளப் அடுத்த ஆகஸ்ட்டில் இருக்குமா என்ற பயத்துக்கும் ஆளாவது எப்போதும் அவர்கள்தான். பிளே-ஆஃபுக்கு மிக அருகில் இருப்பதுதான் ஒரு கிளப்புக்கு மிக ஆபத்தான இடம். அந்த இடத்தில் இப்போது ஐந்தாறு அணிகள் இருக்கின்றன. எல்லையை எட்டுக்கு நகர்த்தினால் பதின்மூன்றாவது, பதினான்காவது இடத்தில் இருக்கும் உரிமையாளர்கூட ஜனவரியில் தன்னை அங்கே பார்க்கத் தொடங்குவார்.

இத்தாலியில் ஆறு அணிகள்தானே ஆடுகின்றன என்பது இன்னொரு வாதம். உண்மைதான்; இரண்டாம் நிலையான சீரி பி-யில் மூன்று முதல் எட்டு வரையிலான அணிகள் பிளே-ஆஃப் ஆடுகின்றன. ஆனால், இத்தாலியர்கள் அந்தக் கதவைத் திறக்கும்போதே புள்ளிப் பட்டியலுக்குக் காவலும் வைத்தார்கள். மூன்றாம் அணிக்கும் நான்காம் அணிக்கும் 14 புள்ளிகளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கே பிளே-ஆஃபே கிடையாது. மூன்றாவது அணி நேராக மேலே போகும். அதற்கு அடுத்து, அரையிறுதியின் இரு ஆட்டங்களும் சேர்ந்து சமனில் முடிந்தால் கூடுதல் நேரமோ பெனால்டியோ இல்லை. பட்டியலில் மேலே இருந்த அணி முன்னேறும். இறுதிக்கும் அதே விதி. இரு அணிகளும் சம புள்ளிகளில் லீகை முடித்திருந்தால் மட்டும் விலக்கு. 2023 இறுதியில் மூன்றாவதாக வந்த பாரி, ஐந்தாவதாக வந்த கலியாரியிடம் முதல் ஆட்டத்தில் 1-1. இரண்டாம் ஆட்டத்தில் 0-0 போதும், பாரி மேலே. 94ஆவது நிமிடத்தில் பவோலெட்டி கோல் அடித்து கலியாரியை ஏற்றினார். பாரி ரசிகர்களுக்கு அது கொடுமையான இரவு. ஆனாலும் கலியாரி அந்த இடத்தைப் பெற பாரியை வென்றாக வேண்டியிருந்தது, சமன் செய்து பெனால்டியில் பறிக்க முடியவில்லை. இங்கிலாந்தில் 2017இல் ஹடர்ஸ்ஃபீல்டு மூன்று பிளே-ஆஃப் ஆட்டங்களில் தன் வீரர் ஒருவரும் ஒரு கோல்கூட அடிக்காமல், எதிரணியின் சுய கோலாலும் இரண்டு பெனால்டி ஷூட் அவுட்டுகளாலும் பிரீமியர் லீகுக்குப் போனது. இத்தாலியின் விதி அங்கே இருந்திருந்தால், நான்காவதாக வந்த ஷெஃபீல்டு வென்ஸ்டே அரையிறுதியிலேயே ஹடர்ஸ்ஃபீல்டைத் தாண்டியிருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் இத்தாலியை மட்டும் உதாரணம் காட்டுவது பாதி உண்மையை முழு உண்மையாக விற்பது. 2025இல் ஷெஃபீல்டு யுனைடெட்டின் இடைவெளி சரியாக 14 என்பதால் இத்தாலியிலும் அது பிளே-ஆஃப் ஆடியிருக்க வேண்டும் என்று சிலர் சுட்டலாம். அந்த இரண்டு புள்ளி தண்டனை இல்லையென்றால் 16.

பிளே-ஆஃபே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அல்ல. 1987இல் அது வந்தபோது மேல் பிரிவின் அணி ஒன்றும் அதில் ஆடியாக வேண்டியிருந்தது. 1988இல் செல்சி மிடில்ஸ்பரோவிடம் தோற்று அந்த வழியில்தான் கீழே இறங்கியது. அந்த ஏற்பாட்டில் மேலே உள்ளவர்களும் எதையோ பணயம் வைத்தார்கள். இன்று பிரீமியர் லீகில் 17ஆவதாக முடிப்பவருக்கு எந்தப் பயமும் இல்லை. பணயம் முழுவதும் கீழே இருப்பவர்களுடையது. 2023-24, 2024-25 இரு பிரீமியர் லீக் சீசன்களிலும், புதிதாக மேலே போயிருந்த மூன்று அணிகளும் அதே சீசனின் முடிவில் கீழே வந்தன. பிளே-ஆஃப் வழியாகப் போன சவுதாம்ப்டன் 12 புள்ளிகள் எடுத்தது. 2007இல் அதே வழியில் போன டெர்பி எடுத்த 11தான் இன்றுவரை பிரீமியர் லீகின் மிகக் குறைந்த கணக்கு. இவை மூன்றாம், நான்காம் இடத்து அணிகள். எட்டாம் இடத்து அணி அங்கே போய் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனவே சாம்பியன்ஷிப்பை நடத்தும் இஎஃப்எல் முதலில் செய்ய வேண்டியது மூன்றாவது அணிக்கும் நேரடி இடம் கேட்டுப் பிரீமியர் லீகோடு மோதுவது. அது முடியாதென்றால் இத்தாலியின் இரண்டு விதிகளையும், அதாவது புள்ளி இடைவெளி விதியையும் சமன் ஆனால் மேலிடத்துக்கு முன்னுரிமை என்ற விதியையும், இப்போதுள்ள நான்கு அணி வடிவத்திலேயே எழுதி ஒரு மூன்று சீசன் நடத்திப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஆறு அணிகளைப் பற்றிப் பேசலாம். இந்தக் காவல் இல்லாமல் எல்லையை எட்டுக்கு நகர்த்தினால், பத்தாண்டுகளுக்குள் இன்னொரு டெர்பி வரும். அந்த ஊர் ரசிகர்கள் கேள்வி கேட்கும்போது இன்று இதற்குக் கைதூக்கும் ஒவ்வொரு கிளப் தலைவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.