கூரைக்கு மரியாதை, குடிசைக்கு முட்புதர்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியைக் காட்டும் காலண்டர் எதை எடுத்தாலும் ஒரு படம் நிச்சயம். செங்கல்லில் உருண்டையாக ஒரு கட்டடம், அதன்மேல் கூம்பு மாதிரி ஓட்டுக் கூரை, உச்சியில் சாய்ந்து நிற்கும் வெள்ளைக் குல்லா. காற்றாலை என்று நினைப்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு (பெயர் சொல்ல மாட்டேன்!). அது ஓஸ்ட் ஹவுஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவைக் காயவைத்த சூளை.

இன்று அவற்றில் பெரும்பாலானவை பணக்கார வீடுகள். அடுப்பு இருந்த இடத்தில் வட்டமான சாப்பாட்டு அறை, பூ காய்ந்த தளத்தில் வட்டமான படுக்கையறை. "பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டோம்" என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். கீழே கரி நெருப்பு. அதற்கு மேலே இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள், அவற்றின்மேல் குதிரை மயிரில் நெய்த துணி. அதில்தான் பச்சைப் பூவைப் பரப்புவார்கள். சூடான காற்று பூவின் வழியே ஏறி உச்சிக் குல்லா வழியாக வெளியே போகும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் குல்லா திரும்பித் தன் வாயை மறுபக்கம் வைத்துக்கொள்ளும். நிறம் நன்றாக வர கந்தகம் வேறு கொளுத்துவார்கள். பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். அதைப் பத்து சதவீதம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் அசந்தால் பூ கருகும், ஈரமாக விட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் உலர்த்துகிற ஆள் சீசன் முழுக்க சூளைப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவார். உருண்டையாகக் கட்டினால் சூடு சமமாகப் பரவும் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பினார்கள். அப்புறம் சதுரமே போதும் என்று தெரிந்து மறுபடி சதுரத்துக்குப் போனார்கள். ஆனால் காலண்டருக்கு உருண்டைதான் அழகு!

இப்போது வீடாக மாற்றியவற்றில் பல குல்லாக்கள் ஃபைபர் கிளாஸ். திரும்பாது, ஆணி அடித்த மாதிரி நிற்கும். மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாதே, நியாயம்தான். ஆனால் திரும்பாத குல்லா வெறும் தொப்பி. உள்ளே தளமும் இல்லை, துணியும் இல்லை. வெளித்தோலை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பாதுகாப்பு என்று சொன்னால் எப்படி?

என் கோபம் இதோடு முடியவில்லை. 1870-களில் இங்கிலாந்தில் ஹாப்ஸ் தோட்டங்கள் 70,000 ஏக்கரைத் தொட்டன. அத்தனை பூவையும் பறித்தது யார்? செப்டம்பர் வந்தால் கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு, சட்டி பானையோடு தனி ரயிலில் வந்து இறங்கும். ரோமானி மக்கள், ஐரிஷ்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். தங்கியது தகரக் கொட்டகையில், படுத்தது வைக்கோலில். கூலி புஷல் கணக்கு. அளக்கிறவன் கூடையில் பூவை அமுக்கி அளந்தால் கூலி போச்சு! ஜார்ஜ் ஆர்வெல் 1931-ல் இந்த வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். 1935-ல் வந்த 'எ கிளெர்ஜிமேன்ஸ் டாட்டர்' நாவலிலும் அதைக் கொண்டுவந்தார். 1950-60-களில் பறிக்கும் இயந்திரம் வந்தது, அவர்கள் வருவது நின்றது.

முதலாளியின் சூளைக்குப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் இடம். கூலிக்காரரின் கொட்டகைக்கு? பெரும்பாலானவை இடிந்தன, முட்புதரில் மறைந்தன. அருங்காட்சியகத்தில் ஒன்றிரண்டு பார்க்கலாம். ஒரே தொழிலின் இரண்டு பாதி இவை. எது அழகாக இருக்கிறதோ அதற்குத்தான் வரலாறு என்று யார் முடிவு செய்தது?

"வீடாக மாற்றாவிட்டால் கூரையே விழுந்திருக்கும்" என்பார்கள். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். காலியாகக் கிடக்கிற கட்டடத்துக்கு யாரும் ஓடு மாற்ற மாட்டார்கள். மாற்றட்டும். ஆனால் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போடலாமே? நாலு சூளை சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒன்றில் மட்டும் தளத்தையும் அடுப்பையும் அப்படியே விடு. அதே பண்ணையில் கொட்டகை மிச்சமிருந்தால் அதையும் சேர்த்துப் பழுது பார். கோடிக்கணக்கில் விற்கிற வீட்டுக்கு இது பெரிய செலவா?

ஹேட்லோ என்ற ஊரின் தேவாலயத் தோட்டத்தில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 1853 அக்டோபர் 20 அன்று, பூப்பறிப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டி, மெட்வே ஆறு வெள்ளமாக ஓடும்போது ஹார்ட்லேக் மரப்பாலத்தை உடைத்துக்கொண்டு விழுந்தது. 30 பேர் செத்தார்கள், பலர் ஒரே குடும்பத்தார். அந்தக் கல்லை ஓஸ்ட் ஹவுஸ் வடிவத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து உருண்டைப் படுக்கையறை வாங்குகிறவர்கள் அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.