காலில் பிளேட்டா? பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்



எலும்பு முறிவு நமக்குப் புதிய சங்கதி அல்ல. செம்பனைக் குலை ஆள்மேல் விழுகிறது. வெட்டிய மட்டை நழுவிக் காலில் அடிக்கிறது. மழைக்காலத்தில் கான் மேல் போட்ட பலகை வழுக்குகிறது. இதெல்லாம் போதாதென்று கிள்ளானிலிருந்து தெலுக் இந்தான் போகும் கடலோரச் சாலை வேறு இருக்கிறது. சுங்கை புரோங் பக்கத்துப் பையன்கள் இருட்டில் மோட்டார் சைக்கிளில் அந்தச் சாலையில் பறக்கிறார்கள். எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும், கால் ஒரு பக்கம் வளைந்து, சாய்ந்து நடக்கிற ஒருவரையாவது பார்க்கலாம்.

முறிந்த காலுக்கு அட்டை வைத்துக் கட்டி, "ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்க" என்று நான் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "ஐயா, கத்தி வைப்பாங்களா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "இரும்பு வைப்பாங்களாமே, அப்புறம் வேலை செய்ய முடியாதாமே?" மூன்றாவதாகக் கேள்வி வராது. வீட்டுப் பெரியவர் ஒருவர், "முதல்ல ஒடிவு வைத்தியர்கிட்ட காட்டிட்டு வருவோம்" என்று முடிவு செய்துவிடுவார். ஆளைப் பிறகு நான் பார்ப்பது மூன்றாவது வாரம். அதற்குள் கால் வீங்கிக் கறுத்து, எலும்பு கோணலாகப் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

இந்தப் பயம் காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தால், இடுப்புக்குக் கீழிருந்து முழங்கால் வரை ஒரே நீளமாகத் தொடையைத் திறப்பார்கள். அந்தத் தழும்பைப் பார்த்தவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் இன்று பல முறிவுகளுக்கு அவ்வளவு நீள வெட்டுத் தேவையில்லை. இரண்டு சின்ன வெட்டு, சில ஊசித் துளைகள் போலச் சில இடம், அவ்வளவோடு பிளேட்டை உள்ளே வைத்துவிடுகிறார்கள். வெட்டு சின்னதாக இருப்பது தழும்பின் அழகுக்காக என்று எண்ணிவிடாதீர்கள். காரணம் வேறு.

பால் வெட்டிய பெரியவர்களுக்கு அதை இலகுவாகச் சொல்லிவிடலாம். உளி பட்டைக்குள்ளே ஓட வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை ஒழுங்காக வளராது, முடிச்சு முடிச்சாக வரும். மண்டோரிடம் ஏச்சும் கிடைக்கும். எலும்புக்கும் அதுபோல் ஒரு பட்டை உண்டு. மெல்லிய சவ்வு அது, எலும்பை உறை மாதிரி மூடியிருக்கும். எலும்புக்கு இரத்தம் இரண்டு வழியாக வருகிறது. பெரும்பகுதி உள்ளே மச்சைக்குள் ஓடும் குழாய் வழியாக வரும், மீதி வெளியே இந்தச் சவ்வும் அதை ஒட்டிய தசையும் வழியாக வரும். எலும்பு முறியும்போது உட்குழாய் அறுந்துபோகிறது. அப்போது முறிந்த துண்டுகளுக்குச் சோறு போடுவது வெளிப்பட்டை ஒன்றுதான்.

நீள வெட்டுப் போட்டு, தசையை விலக்கி, சவ்வைச் சுரண்டி எடுத்துத் துண்டுகளைப் பொருத்தினால் எக்ஸ்ரேயில் படம் மிக நேராகத் தெரியும். ஆனால் இரத்தம் இல்லாத துண்டு சேராது. சேராத எலும்பின் பாரம் முழுவதையும் இரும்பு தாங்கவேண்டி வந்து, கடைசியில் இரும்பும் முறியும்.

எலும்புக்குப் பிளேட் வைப்பது பழைய கலைதான். ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்தில் ஹான்ஸ்மன் என்ற மருத்துவர் 1886-லேயே இதைப் பற்றி எழுதினார். 1958-ல் சுவிட்சர்லாந்தில் சில அறுவை மருத்துவர்கள் 'ஏ.ஓ.' என்ற குழுவைத் தொடங்கி, பிளேட்டையும் திருகாணியையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டு வந்தார்கள். அப்போது அவர்கள் எண்ணம், துண்டுகளை இம்மியும் அசையாமல் இறுக்கிப் பொருத்த வேண்டும் என்பது. முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகு, நொறுங்கிய எலும்பை அப்படிக் குடைந்து பொருத்துவதில் இலாபத்தைவிட நட்டம் அதிகம் என்று அவர்களில் பலரே கண்டார்கள். 1997-ல் ஜெர்மனியின் ஹன்னோவர் நகரத்தில் கிரெட்டெக் என்பவரும் அவருடைய குழுவும் தொடை எலும்புக்குச் சின்ன வெட்டில் பிளேட் வைக்கும் முறையை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் தொடையில் இரத்தக் குழாய்களுக்குள் திரவம் செலுத்தி இரண்டு முறைகளையும் ஒப்பிட்டும் பார்த்தார்கள். சின்ன வெட்டு முறையில் எலும்பின் இரத்த ஓட்டம் கூடுதலாகப் பிழைத்திருந்தது. பக்கத்து நாடான தாய்லாந்தின் மருத்துவர்களும் இதில் முன்னோடிகள். மேல்கை எலும்புக்கு இந்த முறையைப் பற்றி 2005-ல் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் காலை இழுத்து நீளத்தையும் நேரையும் சரி செய்வார்கள். முறிவுக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. ஒரு வெட்டு வழியாகப் பிளேட்டை உள்ளே விட்டு, தசைக்கு அடியில், எலும்பை ஒட்டியபடி, மறு வெட்டு வரை தள்ளுவார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மேலும் கீழும் திருகாணி போடுவார்கள். நடுவில் நொறுங்கிக் கிடக்கும் துண்டுகளைத் தொடவே மாட்டார்கள். அவை தசையோடும் சவ்வோடும் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தோடு இருக்கும். நம் ஒடிவு வைத்தியர் மூங்கில் தப்பையைத் தோலுக்கு வெளியே வைத்துக் கட்டுகிறார் அல்லவா? இவர்கள் அந்தத் தப்பையைத் தோலுக்கு உள்ளே வைக்கிறார்கள், அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த புதுவகைப் பிளேட்டில் திருகாணியின் தலை பிளேட்டின் துளைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதனால் பிளேட் எலும்பை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை, பட்டையும் நசுங்காது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தொடை முறியும் வயதான தாய்மார்களின் எலும்பு பஞ்சு மாதிரி இருக்கும். அந்த எலும்பிலும் இந்தப் பூட்டுத் திருகாணி ஓரளவு பிடிப்பாக நிற்கிறது.

இது எல்லா முறிவுக்கும் பொருந்தாது. தொடையின் நடுவிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பின் நடுவிலும் முறிந்தால், மச்சைக்குள் நீள ஆணி அடிப்பதே வழக்கம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள இரண்டு எலும்பும் முறிந்தால், திறந்து துல்லியமாகப் பொருத்தினால்தான் கை சரியாகத் திரும்பும். மூட்டுக்குள் முறிவு ஓடியிருந்தாலும் மூட்டுப் பரப்பைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டிவரும். கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்தால் ஆணியா பிளேட்டா என்ற விவாதமே இன்னும் இருக்கிறது. பிரிட்டனில் 321 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியானது. ஆறு மாதத்தில் இரண்டு கூட்டத்தாரும் நடமாடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. ஆகவே, "அவனுக்குச் சின்ன வெட்டு, எனக்கு ஏன் பெரிய வெட்டு?" என்று டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எலும்பை நேரில் பார்க்காமல் திரையைப் பார்த்தே செய்வதால், கால் கொஞ்சம் திரும்பியோ குட்டையாகவோ சேர்ந்துவிடும் ஆபத்தும் இந்த முறையில் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் இரண்டு பாதமும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், ஆறு மாதம் கழித்து அல்ல.

இப்போது எனக்கு மனவருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். கத்தி வைக்கும் டாக்டர் அந்தச் சவ்வையும் தசையையும் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுகிறார். நாமோ அவர் கையில் கால் போய்ச் சேருவதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, எண்ணெய் ஊற்றி, அழுத்தித் தேய்த்து, இழுத்து, அதைக் கிழித்துவிடுகிறோம். முறிந்த எலும்பின் முனை கத்தி மாதிரி. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அது உள்ளே சதையை அறுக்கிறது. முறிவைச் சுற்றிக் கட்டும் இரத்தம்தான் புது எலும்புக்கு விதை. அதையும் பிசைந்து கலைத்துவிடுகிறோம்.

ஒடிவு வைத்தியரை நான் பழிக்கவில்லை. ஆந்திராவில் சித்தூர் பக்கத்துப் புத்தூர் கட்டுக்குத் தமிழ்நாடே போய் வந்தது, நமக்கும் தெரியும். எலும்பில் சிறு விரிசல், அல்லது சின்னப் பிள்ளையின் கை முறிவு என்றால், அசையாமல் யார் கட்டினாலும் சேரும். அதனால்தான் அவருக்கு நல்ல பெயர். தொடை இரண்டாக முறிந்தது அந்தக் கணக்கில் வராது. கட்டு இறுகினால் வேறு விபரீதமும் உண்டு. தசை உள்ளே வீங்க இடமில்லாமல் இரத்த ஓட்டம் நின்றுவிடும். விரலை நீட்டினால் உயிர் போகிற வலி, பிறகு மரத்துப்போதல், இவைதான் அடையாளம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். பிறகு காலையே எடுக்க வேண்டி வரலாம். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். இரவு 2 மணியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் சுத்தமான துணியால் மூடிக் கொண்டு போங்கள். காப்பித் தூள், மஞ்சள் எதுவும் அப்ப வேண்டாம். உள்ளே தள்ளவும் வேண்டாம்.

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் பார்த்துக் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்பிய பிறகு, இன்னொரு முறையீடு என் காதுக்கு வரும். "ஒரு வாரமா சும்மா படுக்க வெச்சிருக்காங்க, கேட்க நாதியில்ல." சில சமயம் தாமதம் உண்மையான தாமதம்தான், அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பல சமயம் வீக்கம் வடியக் காத்திருக்கிறார்கள். வீங்கிப் பளபளக்கும் தோலில் வெட்டினால் வெட்டு மூடாது, சீழ் பிடிக்கும். தோலில் மறுபடி சுருக்கம் விழும்வரை பொறுப்பார்கள், அதற்கு ஒன்றிரண்டு வாரமும் ஆகலாம். அந்த நாட்களில் காலை உயர்த்தி வைத்திருங்கள், விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் மாத்திரையை விட்டுவிடக்கூடாது. சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புகை இரத்தக் குழாயைச் சுருக்கும், எலும்பு சேருவதைத் தாமதப்படுத்தும். பார்க்க வருகிற நண்பர்கள் தயவுசெய்து பெட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் சின்ன வெட்டு ஆளை ஏமாற்றும். தையல் பிரித்ததும் வலி குறைவு, தழும்பு இரண்டங்குலம். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மூன்றாவது வாரம் மோட்டார் சைக்கிளை உதைக்கிற தம்பிமார்களை நான் பார்த்திருக்கிறேன். தோல் ஆறியது எலும்பு ஆறியதாகாது. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு சேர மூன்று நான்கு மாதம் பிடிக்கும், கூடவும் ஆகலாம். அதுவரை பாரம் இரும்பின் மேல். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? அதேதான் பிளேட்டுக்கும். எந்த வாரம் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார். ஊன்று என்று சொன்ன பிறகு பயந்து ஊன்றாமல் படுத்திருப்பதும் கெடுதல்தான். மூட்டு இறுகிவிடும்.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டில் செலவு குறைவு. ஆனால் பிளேட்டையும் திருகாணியையும் நோயாளியே வாங்கவேண்டி வரும் சந்தர்ப்பம் உண்டு, அது ஆயிரக்கணக்கான வெள்ளியாகலாம். தொகையைக் கேட்டதும் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வேலையில் ஏற்பட்ட விபத்தானால் சொக்சோ இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேலையிலிருந்து திரும்பும் வழியில் நடந்த விபத்தும் அதில் சேரும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டியது முதலாளியின் கடமை. எம்.சி. நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். பிளேட்டுச் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. பக்கத்து லயத்து இந்தோனேசியத் தோழர், வங்காளதேசத் தோழர் காதிலும் இதைப் போடுங்கள். சொக்சோவில் சேராத விபத்தாக இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே சமூகநல அதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள்.

கிளைச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டம் தோறும் ஒரு தூக்குப் படுக்கையும், கால் நீளத்துக்குப் பலகைத் தப்பையும், ராத்திரிக்கு ஒரு வண்டியும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. தொடை முறிந்தவரை லோரியின் பின்னால் குலைகளோடு உட்கார வைத்துக் கொண்டுவந்தால், வழியிலேயே பாதிக் கால் போய்விடுகிறது. நிர்வாகத்தோடு பேசும்போது இதையும் மேசையில் வையுங்கள்.

கடைசியாக, அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி. பிளேட்டைக் கழற்ற வேண்டுமா? பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம், அது பாட்டுக்கு உள்ளே இருக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் மெல்லிசு, ரப்பர் பூட்ஸின் விளிம்பு பட்டு உறுத்தினால் கழற்றலாம். ஆனால் எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகே அதைச் செய்வார்கள், வழக்கமாக ஒரு வருடத்துக்குக் குறையாது. கழற்றிய பின் திருகாணி இருந்த துளைகள் அடைபடச் சில மாதம் செல்லும். அதுவரை குலை தூக்கும் வேலை வேண்டாம். டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், இலகுவான வேலைக்கு நான் மானேஜரிடம் சொல்கிறேன்.