குறைஞ்ச ரேட்டுதான் நேர்மையா?

மூணு நாளா சரியான தூக்கம் இல்லீங்க. என் மச்சான் (வீட்டம்மாவோட தம்பி) ஆவடியில ரெண்டு லாரி வச்சிருக்கான். டாங்க் ஃபேக்டரி, ஏர்ஃபோர்ஸ், சி.ஆர்.பி.எஃப்.னு பாதி ஊரு மத்திய அரசுதான். டிரான்ஸ்ஃபர் ஆகுறவங்களுக்கு வீடு மாத்திக் கொடுக்கறது அவன் பொழப்பு. இப்ப ஒரு அரசு அலுவலகமே இடம் மாறுது, டெண்டர் விட்டிருக்காங்க. "மாமா, நீங்கதான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரணும்"னான். உக்காந்தோம்.

சிறு தொழில்ங்கறதால 2012 கொள்முதல் கொள்கைப்படி டெபாசிட் கட்ட வேண்டாம். பரவால்லயேன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கத்துல வச்சாங்க ஆப்பு.

இதே மாதிரி வேலை ஏழு வருஷத்துக்குள்ள செஞ்சிருக்கணுமாம். மதிப்பீட்டுல 40 சதவீதத்துக்கு மூணு, இல்லன்னா 50க்கு ரெண்டு, இல்லன்னா 80க்கு ஒண்ணு. இது 2002ல மத்திய கண்காணிப்பு ஆணையம் கட்டுமான வேலைகளுக்குச் சொன்ன கணக்கு. பாலம் கட்டறவனை அளக்கற கோலால பீரோ தூக்கறவனை அளந்தா எப்படி? பத்து லட்ச ரூபா வேலைன்னா, எட்டு லட்சத்துக்கு ஒரே வேலை காட்டணும். மச்சான் நூத்துக்கணக்கான வீடு மாத்தியிருக்கான். எல்லாம் பதினஞ்சாயிரம், இருபதாயிரம். அதுக்கெல்லாம் யாருங்க சர்ட்டிஃபிகேட் தர்றாங்க?

சிறு தொழிலுக்கு அனுபவத்தைத் தளர்த்தலாம்னு 2016லயே மத்திய அரசு சொல்லிடுச்சு. 'தளர்த்தலாம்'தான், 'தளர்த்தணும்' இல்ல. அந்த 'லாம்'ல தொங்கிக்கிட்டு ஒரு லெட்டர் எழுதி இணைச்சிருக்கோம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். ரேட் போடும்போதுதான் எனக்கு உறைச்சது. டீசல் எல்லாருக்கும் ஒரே விலை. டோல்கேட்ல பேரம் பேச முடியாது. எல்-1, அதாவது எவன் கம்மியோ அவனுக்குத்தான் வேலைன்னா, எங்க குறைக்கறது? மச்சான் தயங்கித் தயங்கி, "லோடுமேன் கூலில ஆளுக்கு இருநூறு குறைச்சுக்கலாமா மாமா?"ன்னான். நானும் எக்ஸெல்ல அந்தக் கட்டத்துல எண்ணை மாத்தினேங்க. ஒரே தட்டு. மூணு மாடி இரும்பு பீரோவை முதுகுல இறக்கறவனோட ராத்திரிச் சாப்பாடு அது.

"கம்மி விலைக்குக் கொடுக்கறதுதான் நேர்மை, இல்லன்னா ஊழல் வரும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. அரசாங்கத்துக்கு மிச்சமாகுற அந்தப் பணம் யார் பாக்கெட்டுலேர்ந்து வருது? டெண்டரே வேண்டாம்னு நான் சொல்லல. கூலியைப் போட்டிக்கு வெளிய தனியா நிர்ணயம் பண்ணுங்க. வண்டி, பேக்கிங், லாபம் இதுல மட்டும் மோத விடுங்க. அனுபவத்தை ரூபாயில அளக்காம, ஏத்தி இறக்கின சரக்குல அளங்க. அவ்ளோதான்.

நாளைக்கு மதியம் மூணு மணி கடைசி. பழைய கூலியையே திரும்பப் போட்டாச்சு. தோத்தா தோத்துட்டுப் போறோம்.

டிஸ்கி: "ஆபீஸ்ல எத்தனை பீரோ?"ன்னு கேட்டதுக்கு "வந்து எண்ணிக்குங்க"ன்னாங்க. போய் எண்ணிட்டு வந்தோம். அதுக்குக் கூலி கிடையாது :-)