தீவில் வால்வு ஆம்ப்ளிஃபையர்: வாங்குவதா, கட்டுவதா?

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். வால்வு ஆம்ப்ளிஃபையரை ஆயத்தமாக வாங்குவதா, கிட்டாக வாங்கிக் கட்டுவதா என்னும் கேள்வி தீவில் எழும்போது, ஒலித்தரத்திற்கு முன்பாக இந்தத் தொலைவே கணக்கில் வர வேண்டும்.

ஆயத்தக் கருவி பழுதானால் வந்த வழியே திரும்ப வேண்டும். அதன் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு. அதனருகே கண்ணாடி வால்வுகள். போதாக்குறைக்கு உப்புக்காற்று வேறு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் ஊரில் வால்வின் கால்களும் சாக்கெட்டும் கறுத்துப்போவது இயல்பே. கரகரப்பும் விட்டுவிட்டு ஒலிப்பதும் பல நேரம் அங்கேதான் தொடங்கும். அதைத் துடைத்துச் சரிசெய்யச் சென்னை எதற்கு? தாமே ஈயம் பற்றவைத்துக் கட்டியவருக்கு எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பது மனப்பாடம்.

கிட் மலிவு என்னும் வாதம் மட்டும் வலுவற்றது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் சிக்கனம் பிடித்தால், எவ்வளவு உயர்ந்த இஎல்34 வால்வைப் பொருத்தினாலும் மிருதங்கத்தின் தொப்பி மெலிந்தே ஒலிக்கும்.

அபாயமும் உண்டு. அணைத்த பின்னும் மின்தேக்கியில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும்; மின்தடை வழியே அதை வடித்து, மல்டிமீட்டரால் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் ஆயத்தக் கருவியையே வாங்கட்டும். பழகியவர், கிட் வரும் அதே கப்பலில் மாற்று வால்வு ஒரு ஜோடியையும் சில சாக்கெட்டுகளையும் சேர்த்தே வரவழைத்துக்கொள்ளலாம்.