இறையியல் இளங்கல்விக்கு ஆங்கிலம் எதற்கு?

சேலத்தில் யான் குடியிருக்கும் பகுதிக்கு ஃபேர்லேண்ட்ஸ் என்று பெயர். குற்றெழுத்துக்கும் வல்லெழுத்துக்கும் நடுவே நிற்கவேண்டிய ஆய்தத்தைச் சொல்லின் தலையில் ஏற்றி, வாலில் ஒரு கிரந்த எழுத்தையும் கட்டினாலன்றி இப்பெயரை எழுதவியலாது. குடியிருப்பின் பெயர்க்கே இந்நிலையெனின் இறைவனைப் பற்றிய கல்விக்கு என்ன நிலையென்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நேரிற் கண்டேன்.

என்பால் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் கத்தோலிக்கக் கல்லூரியொன்றில் இறையியல் இளநிலை பயில்கின்றான். பள்ளியில் நன்னூல் நூற்பாக்களைத் தட்டின்றி ஒப்பித்தவன். என்னைக் காண வந்தபோது அவன் பாட்டியாரும் உடன் வந்திருந்தார். பேச்சினிடையே அவ்வம்மையார், "அருள் நிறைந்த மரியேன்னு நாளும் சொல்றேனே கண்ணு, அருள்னா என்ன? நாம செய்யற நல்லதுக்குக் கூலியா, அவராக் குடுக்கறதா?" என்றார். பிள்ளை வாய் திறந்தான், ஆங்கிலம் வந்தது. நிறுத்தினான், மீண்டும் தொடங்கினான், மீண்டும் ஆங்கிலமே வந்தது. பாட்டியார் போன பின், "ஐயா, இதே வினாவிற்குத் தேர்வில் ஆறு பக்கம் எழுதினேன். பாட்டிக்கு ஆறு சொல் சொல்ல வரவில்லை" என்று தலை கவிழ்ந்தான்.

அவன்மேற் குற்றமில்லை. தமிழ் நன்கறிந்த பிள்ளையை நான்காண்டுகள் ஆங்கிலத்தில் நினைக்கப் பழக்கிவிட்டுத் தமிழ் மக்களிடம் பேசென்று அனுப்புகின்ற கல்விமுறையின் குற்றம் அது.

யான் அத்திருஅவையைச் சார்ந்தவன் அல்லன். உனக்கென்ன இதில் என்பார்க்கு, பயில்வோர் தமிழ்ப்பிள்ளைகள், கேட்போர் தமிழ்மக்கள் என்பதே என் மறுமொழி.

ஆங்கிலத்தில் பயிலவேண்டுமென்று உரோமை கட்டளையிட்டதோ? இல்லை. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 250-ஆம் சட்டம் மெய்யியலுக்கு ஈராண்டும் இறையியலுக்கு நான்காண்டும் வகுக்கின்றது. அதற்கு முந்திய 249-ஆம் சட்டமோ, மாணவர்க்கு அவர்தம் தாய்மொழியைச் செவ்வையாகக் கற்பிக்கவேண்டும், இலத்தீனையும் நன்கறியச் செய்யவேண்டும், தேவைப்படும் பிறமொழிகளில் தக்க பழக்கம் தரவேண்டும் என்கின்றது. தாய்மொழி முதலில் நிற்கின்றது. ஆங்கிலம் பெயரளவிற்கும் இல்லை. 1962 பிப்ரவரியில் இருபத்துமூன்றாம் யோவான், இறையியற் பாடங்களை இலத்தீனிலேயே நடத்துக என ஆணையிட்டார். மறு ஆண்டு திசம்பரில் பொதுச்சங்கம் வழிபாட்டில் மக்கள்மொழிகட்கு வழிதிறந்தது. பலிமேடை தமிழுக்கு வந்தது. வகுப்பறையிலோ, இலத்தீன் இறங்கிய இருக்கையில் ஆங்கிலம் ஏறியமர்ந்துகொண்டது! இயேசு பேசியதும் அன்று, திருத்தூதர் எழுதியதும் அன்று, பழம்பெருஞ் சங்கங்கள் முடிவுரைத்ததும் அன்று. பின் எவ்வுரிமையால் அது அங்கு அமர்ந்திருக்கின்றது?

நுண்கருத்துகளைச் சொல்லத் தமிழிற் சொல்லில்லை என்பர். நகைப்பிற்குரிய கூற்று. பாட்டியார் கேட்ட வினா, ஐந்தாம் நூற்றாண்டில் அகுசுதீனார்க்கும் பெலாகியர்க்கும் நிகழ்ந்த பெருவழக்கின் உயிர்நிலை வினா. அருளைப் பற்றி அத்துணை எழுதிய அகுசுதீனார், பள்ளியிற் கிரேக்கத்தை வெறுத்தவர் என்பதை அவரே எழுதிவைத்துள்ளார். அன்று இறையியலின் உயர்மொழி கிரேக்கம். அவரோ வட ஆப்பிரிக்காவில் தம் மக்கள் கேட்டறிந்த இலத்தீனிலேயே நினைத்தார், எழுதினார். அவர்க்கு முன்னரே தெர்த்தூலியனார், போர்மறவன் சூளுரைக்கும் இலத்தீன் சொல்லொன்றை எடுத்து அருளடையாளத்திற்கு வழங்கினார். சொல் வானிலிருந்து வீழ்வதன்று, வழக்கிலிருந்து எடுப்பது.

தமிழ்க்கோ இவ்வுழைப்பும் பெரிதில்லை. அருளொன்றையே பொருளாகக் கொண்டு பத்து அதிகாரத்தில் நூறு குறட்பா யாத்தார் உமாபதி சிவனார். திருவருட்பயன் என்பது நூற்பெயர். சமயம் வேறாயினும் மொழி ஒன்றே. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது; இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழே, அதுவும் கத்தோலிக்கர் கையால். 1623-இல் இராபர்ட்டு தெ நோபிலி மதுரையினின்று புறப்பட்டு நம் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். அவர்தம் ஞானோபதேசம் தமிழில் எழுந்த விரிந்த இறையியல் நூல். அதன் நடையை யான் ஏற்கவில்லை. வடசொற் சேற்றில் தமிழ் கழுத்தளவு புதைந்து கிடக்கின்றது. அவ்வழி வந்ததே அருளைப் 'பிரியதத்தம்' என்றும், அருளடையாளத்தைத் 'தேவதிரவிய அனுமானம்' என்றும் வழங்கிய பழைய நடை. தூய ஆவிக்கோ 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கீசியமே நின்றது. அவையெல்லாம் இன்று எங்கே? அருள், அருளடையாளம், தூய ஆவி, மீட்பு, திருப்பலி என வழிபாடு தூய்மை பெற்றது. 1995-இல் பொதுமொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. 1944 முதல் 1956 வரை இந்நகரக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மொழிஞாயிறு பாவாணர் கிறித்தவரே. கிறித்தவமும் தனித்தமிழும் ஓருள்ளத்தில் உறையும் என்பதற்குச் சேலத்தார்க்கு வேறு சான்று வேண்டா.

நூல்களெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளனவே என்பது அடுத்த தடை. படிக்கட்டும்; ஆங்கிலமும் படிக்கட்டும், இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படிக்கட்டும். யார் தடுத்தார்? படித்ததைத் தமிழில் நினைக்கவும், தமிழில் வாதிடவும், தமிழில் தேர்வெழுதவும் வேண்டும் என்பதே நம் வழக்கு. மதுரை அரசரடியில் 1969-இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் சீர்திருத்தத் திருஅவையார் தமிழில் இறையியல் நடத்துகின்றனர். அவர்க்கு இயல்வது இவர்க்கு ஏன் இயலாது? தமிழ்நாட்டு ஆயர்கள் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். முதுநிலையும் ஆய்வும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். இளநிலையின் நான்காண்டுப் பாடமும் தேர்வும் தமிழுக்கு வரட்டும். வருமட்டும் மாணவன் விரும்பினால் தமிழில் விடையெழுதும் உரிமையேனும் வரட்டும்.

என் மாணவனிடம் அவன் எழுதிய ஆறு பக்கத்தையும் தமிழில் எழுதியனுப்பச் சொல்லியிருந்தேன். போன கிழமை மடல் வந்தது. ஒன்றரைப் பக்கம்தான் தேறியது. இரண்டிடங்களில் சொல் கிடைக்காமல் கோடிட்டு விட்டிருக்கின்றான். ஓரிடத்திற்குத் திருவருட்பயனில் தேடச் சொல்லி எழுதியுள்ளேன். மற்றோரிடத்திற்குப் பாட்டியாரையே கேட்கச் சொல்லியிருக்கின்றேன்.